இருபத்துநாலாவது கொலர்

என் மேசை இழுப்பறையில் வெள்ளைச் சட்டைக் கொலர் ஒன்று இருக்கிறது. சட்டை இல்லை, கொலர் மட்டும். ஒரு நுனியில் நீல நூல் முடிச்சு, மறு நுனியில் நான் பதினேழு வயதில் ஊசியால் குத்திய சிறிய அட்டை. இந்தக் கொலரோடு எத்தனையோ மேடைகளில் ஏறியிருக்கிறேன். வீட்டில் இருந்து தைக்கும் பெண்களின் உரிமைகளைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது என்னிடம் வந்த கதையை மட்டும் எங்குமே சொன்னதில்லை.

எண்பதுகளின் கடைசி. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில், எங்கள் வீட்டுப் பின்னறையில் சின்னம்மா, அம்மாவின் தங்கை, ஒரு தையல் மெசினோடு இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வந்தவர். கிழமைக்கு இரண்டு தடவை உடுப்புக் கம்பனியின் வான் வரும். வெட்டிய துணிகளை இறக்கி, தைத்த கொலர்களை இருபத்துநாலு கொண்ட கட்டுகளாக ஏற்றிப் போகும். ஒவ்வொரு கொலரின் நுனியிலும் நீல நூல் முடிச்சு இருக்க வேண்டும். அது சின்னம்மாவின் அடையாளம். அடுத்த தெருப் பெண்ணுக்குச் சிவப்பு. அக்கா வீட்டில் இருந்தாலும் அத்தானிடம் கை நீட்டாமல் இருக்க அவருக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. காய்ச்சலிலும் மெசின் நின்றதில்லை.

நான் அப்போது வரலாற்றுப் பாடத்துக்காக, நீராவி இயந்திரக் காலத்துப் பெண்களைப் பற்றி ஒரு கண்காட்சி செய்துகொண்டிருந்தேன். வெறி பிடித்தவள் மாதிரி வாசித்தேன். எங்கள் கிழக்கு லண்டன் தெருக்களிலேயே, ஒடுங்கிய அறைகளில், கண் மங்கும் வரை சட்டை தைத்த பெண்கள். மேற்கே, பட்டு உடுத்து வந்து அவர்களுக்காக மண்டபங்களில் பேசிய சீமாட்டிகள். ‘தன் உடுப்பைத் தைத்தவள் யார் என்று அந்தச் சீமாட்டிகளில் ஒருத்தியாவது கேட்டாளா?’ என்று எழுதினேன். ஆசிரியை அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய காலத்துக்கு இன்றைய சாட்சி ஒன்றும் வேண்டுமே! சின்னம்மா தேத்தண்ணி போடப் போன நேரம், கட்டி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு கொலரை உருவிப் புத்தகப் பைக்குள் வைத்தேன். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று பின்னேரமே வான் வந்தது. வான்காரப் பையன் கட்டை எண்ணினான்.

“அக்கா, இதில இருபத்துமூண்டுதான் கிடக்கு.”

சின்னம்மா எண்ணிப் பார்த்தார். நிமிர்ந்தபோது, படியடியில் நின்ற என்னை ஒரு கணம் பார்த்தார்.

“அயர்ன் பண்ணேக்க எரிஞ்சுபோச்சுது தம்பி. எறிஞ்சிட்டன்.”

“எரிஞ்சாலும் அதைத் திருப்பித் தரவேணும் எண்டு தெரியாதே? களவெடுத்து விக்கினம் எண்டுதான் முதலாளி சொல்லுவார். என்னையேன் மாட்டிவிடுறியள்?”

கருகியதையும் திருப்பிக் கொடுக்கும் அந்த வழக்கம் எனக்கு அதுவரை தெரியாது. அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கொலர் பையில், பை என் தோளில். வாயைத் திறந்தால் போதும். ஆனால் கண்காட்சி மறுநாள். நான் மாடிக்கு ஏறிப் போனேன்.

அடுத்த கிழமை வான் எங்கள் வாசலில் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கண்காட்சியில் எனக்கு முதற்பரிசு. அந்த மாதம் ஒருநாள், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் சின்னம்மா சேலைத் தலைப்பைத் திருகியபடி நின்றார். “அத்தான், ஊருக்குக் காயிதம் போட முத்திரை ஒண்டு...” அப்பா உடனே எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொலரை எடுத்துக்கொண்டு லண்டனின் மறுகோடியில் உள்ள ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். சின்னம்மா இப்போது அங்கே ஒரு பிளாட்டில் தனியே இருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மாலையில் ஆங்கில வகுப்பு. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர பையில நீல நூல் நீட்டிக்கொண்டு நிண்டது.”

“பிறகேன் சின்னம்மா என்னைக் காட்டிக்குடுக்கேல்லை?”

“படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குக் களவுப் பட்டம்?”

கொலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையலைத் தடவினார். “நேராத்தான் தைச்சிருக்கிறன், என்ன?” என்று சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டையில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். அருங்காட்சியகத்தில் நூறு வருடப் பழைய உடுப்புகளின் கீழே பார்த்த வசனத்தை அப்படியே போட்டிருந்தேன். என் சின்னம்மா தைத்தது என்று வகுப்பில் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருந்தது.

‘பெயர் தெரியாத ஒரு பெண் தைத்தது.’

சின்னம்மா அதை இரண்டாம் தடவையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“உனக்கு என்ர பேர் தெரியாதோ பிள்ளை?”