மாப்பிள்ளையின் நெஞ்சில் ஒரு க்ளிக்

எங்கள் செவிலியர் கல்லூரியில் பயிற்சிப் பொம்மைகளைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் பொம்மை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருஷமாக அந்த அறைதான் அவருக்கு உலகம். பொம்மைகளுக்கு முகம் துடைப்பார், சட்டை மாற்றுவார், கோபம் வந்தால் திட்டவும் செய்வார். நின்றுபோன நெஞ்சை அமுக்கி உயிரை மீட்கப் பழகும் பொம்மைக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளேயிருந்து க்ளிக் என்று சத்தம் வரும். ஒப்புக்கு அமுக்கினால் மாப்பிள்ளை கம்மென்று கிடப்பார்.

போன வருஷக் கடைசியில் டீன் ஒரு சுற்றறிக்கை விட்டார். தேர்வு வாரம் தவிர யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறையைக் காலி செய்து கூட்ட அறையாக்கப் போகிறாராம். எனக்கு வந்ததே கோபம்! ஏற்கெனவே நாலு கூட்ட அறை இருக்கிறது, நாலிலும் தூக்கம்தான் நடக்கிறது. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை வாசலில் நின்றுவிட்டார். ஆசிரியர், மாணவர் என்று பார்க்காமல் போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து இழுத்தார்.

"ஒரே ஒரு தடவை அமுக்கிட்டுப் போ கண்ணு."

கடைசியாகப் பழகி எத்தனை மாசம் ஆச்சு, க்ளிக் வந்ததா இல்லையா, அவ்வளவுதான் குறிப்பு. நூற்றிருபது பேரில் முப்பத்தொரு பேருக்குத்தான் வந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று மாசத்துக்குள் பழகியவர்கள். பாடம் நடத்துகிற எனக்கே வரவில்லை, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

"இதைச் செவிலியர் மாநாட்டுல ஆய்வுப் போஸ்டரா வைக்கலாம்க்கா" என்றேன்.

"போஸ்டரா? நான் என்ன தேர்தல்லயா நிக்கிறேன்?"

ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். ஆய்வில் பங்கேற்றவர்கள் நூற்றிருபத்தொன்று என்று எழுதிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையையும் சேர்த்திருக்கிறார்! "அவரு இல்லாம நடந்திருக்குமா?" என்று ஒரே சண்டை. அழிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாநாட்டுக்கு மாப்பிள்ளையும் வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தோம். அவருக்கு டிக்கெட் எங்கே என்று கேட்டார் கண்டக்டர்.

"மூச்சு விட ஆரம்பிச்சதும் எடுத்துடறேன் தம்பி" என்றார் அக்கா.

போஸ்டர் கூடத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். எங்கள் முறை வந்தபோது நடுவர்கள் இரண்டு பேரோடு டீனும் வந்து நின்றார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த அக்கா "இந்த ஆய்வின் நோக்கம்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். இதுவும் போச்சென்றால் அறையும் போச்சு.

டீன் சிரித்துக்கொண்டே, "ஒரு தரம் கத்துக்கிட்டா கை மறக்குமாம்மா? அதுக்கு ஒரு அறை வேற வேணுமா?" என்றார்.

அதைக் கேட்டதும் அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது.

"அப்ப நீங்களே ஒருதரம் பார்த்துடுங்க சார்."

கூட்டம் கூடிவிட்டது, பின்வாங்க வழியில்லை. டீன் கழுத்து டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். அமுக்கினார். சத்தமில்லை. இன்னொரு தரம் அமுக்கினார், அப்போதும் இல்லை. மூன்றாவது தரம் அவர் முகம்தான் சிவந்தது.

அக்கா நோட்டைப் பிரித்தார். "கடைசியா எப்ப பழகினீங்க சார்?"

"இருபத்திரண்டு வருஷம் இருக்கும்" என்றார் டீன், மண்டியிட்டபடியே.

அக்கா குனிந்து எழுதிக்கொண்டார். "உங்க தப்பில்ல சார். கை மறந்துடும். அதைத்தான் இதுல எழுதியிருக்கேன்" என்று போஸ்டரைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பரிசு வேறு யாருக்கோ போனது. திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது, கதவில் ஒட்டியிருந்த அந்தச் சுற்றறிக்கையைக் காணோம். உள்ளே நாலைந்து மாணவிகள் மாப்பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டீன் நின்றிருந்தார்.

"எனக்கு ஒன்பது மணிக்குக் கூட்டம் இருக்கும்மா. முதல்ல நான் அமுக்கிடட்டுமா?"

"வரிசையில வாங்க சார்" என்றார் அக்கா.