லீவுச் சாப்பாடு

ஹசன் அலி முதல் தட்டை எறிந்த அன்று வீட்டில் முருங்கைக்கீரை ஆணமும் சுட்ட கருவாடும்; குழம்பை நாங்கள் ஆணம் என்போம். தட்டு சுவரில் மோதி, தரையில் விழுந்து, வெகுநேரம் சுழன்றது. அவன் மனைவி உம்மு ஹபீபாவின் கன்னத்தில் ஒரு கீரை இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத நாய் திங்குமாடி?”

“நாங்க திங்கிறதுதான்.”

அவள் வாயாடவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவன் எழுந்து வந்து காதோடு சேர்த்து அறைந்தான். அந்தக் காதில் இரண்டு நாள் கடல் இரைந்தது.

கீழக்கரையில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஹசன் அலி இருபது வருஷம் தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். லீவில் ஊருக்கு வந்து இறங்கினால், திரும்ப விமானம் ஏறும்வரை வீட்டில் அடுப்பு அணையாது. காலையில் பசியாற இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மத்தியானம் நெய்ச்சோறு, கறி ஆணம், தால்ச்சா. ராத்திரிக்குப் பொரித்த கோழி. இடையில் தித்திப்புக்கு வட்டலப்பம். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன மறுநாள் ஹபீபா ஒரு ரசம் வைப்பாள். அவளும் மகள் யும்னாவும் அடுப்படியில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, யாருக்கும் பரிமாறாமல் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டை அவன் பார்த்ததே இல்லை.

பார்க்காதது மட்டுமில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. தினமும் போனில் கேட்பான்: “இன்னைக்கி என்ன ஆக்குன?” கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் “புளியாணம்” என்று, ரசத்தைத்தான், சொல்லிவிட்டாள். பிறகு, “நான் இங்கன வெயில்ல வேகுறது நீங்க புளியாணம் திங்கவா?” என்று அழுதான். அன்றிலிருந்து அவள் நெய்ச்சோறு என்றாள், கறி என்றாள், ஒருநாள் விட்டு ஒருநாள் கோழி என்றாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். ரசம் நுரைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே, “இப்பத்தான் கறி எறக்குனேன்” என்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மனிதன் அதைக் கேட்டுக்கொண்டே காய்ந்த குப்பூஸ் ரொட்டியை விழுங்குவான்.

வேலை போய், ஒரேயடியாக அவன் ஊருக்கு வந்தபோது முதல் மாதம் லீவுச் சாப்பாடுதான் நடந்தது. அப்புறம் ஹபீபா நினைத்தாள், இவுக இனி விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். வீட்டு ஆளுக்கு வைக்கிற சாப்பாட்டை அவன் முன்னால் வைத்தாள். பிரியமாகத்தான் வைத்தாள். அவனுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. சம்பாத்தியம் நின்றதும் கீரை. அறைந்த கையோடு அதையே கேட்டான்.

“இருபது வருஷம் நெய்ச்சோறு தின்ன வாயில இப்பக் கீரை எறங்குதாக்கும்?”

“எப்பவும் இதாங்க. போன்ல சும்மா சொன்னேன். நீங்க வருத்தப்படுவீகன்னு.”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி இருந்தது. பிறகு சோற்றுக் கரண்டியை எடுத்து, அதன் காம்பு வளையும்வரை அவள் முதுகில் அடித்தான். அடிக்கு நடுவில், “எல்லாம் பொய், எல்லாம் பொய்” என்றான்.

மறுநாள் காலை முருகலட்சுமி மீன் கூடையை வாசலில் இறக்கினாள். எங்கள் தெருவுக்கு அவள்தான் மீன்காரி.

“என்னக்கா, காது வீங்கியிருக்கு?”

“குளிக்கையில வழுக்கிருச்சு.”

“ஒத்தக் காதுல மட்டும் வழுக்குச்சாக்கும். சரி, கணவா கெடக்கு, சூடை கெடக்கு. எது போட?”

“கறி எடுக்கச் சொல்லிட்டாக.”

“தெனமுமா? ஆட்டுக்கே அலுத்துப் போயிருக்குமே.”

ஹபீபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் அகமது கபீர் புதுமடத்திலிருந்து வந்தார். யும்னாவுக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார். பையன் தோஹாவில் இருந்தான். நல்ல குடும்பம். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் குவளையைப் பார்த்தே பேசினார்.

“அவுக கேக்குறத ஆக்கிப் போட்டுட்டுப் போயேன் ஹபீபா. வீடு ஒம் பேர்ல இருக்குன்னு வாயக் கீயக் காட்டிராத. வாப்பா இல்லாத வீட்ல எவன் வந்து பொண்ணெடுப்பான்?”

“அதுவரைக்கும் அடி வாங்கச் சொல்றீகளா காக்கா?”

“நிக்காஹ் முடியட்டும்னு சொல்றேன்.”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. ஹபீபாவின் வாப்பா கல்யாணத்தின்போது அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு அது. மாப்பிள்ளைதான் வந்து இருக்க வேண்டும். வெளியே போங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் போயாக வேண்டும். ஆனால் அதே வார்த்தையில் மகளின் சம்பந்தமும் வெளியே போய்விடும். அந்த வார்த்தையை அவள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தினமும் கறி கழுவினாள்.

நெய் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் சின்னச் சட்டியில் ஒரு ஆணம் கூட்டி, தாயும் மகளும் அவசரமாகச் சாப்பிட்டார்கள். பிறகு சட்டியைக் கழுவி, சாம்பிராணி போட்டு, புளி வாசனையை விரட்டினார்கள். தன் வீட்டு அடுப்படியில் தன் சோற்றைத் திருடித் தின்பதாக அவளுக்குத் தோன்றும். ஆனாலும் அந்த நாலு வாய்தான் உடம்பில் ஒட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் சீக்கிரம் வந்துவிட்டான். ஆணம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் கத்தவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தான். சட்டியின் இரண்டு பக்கமும் துணி வைத்துப் பிடித்துத் தூக்கினான், சமையலுக்குப் பழகியவன் போல. ஹபீபா ஒதுங்கி வழி விட்டாள், கீழே இறக்கத்தான் தூக்குகிறான் என்று. அவன் அதை அவள் வலது கையின் மேல் கவிழ்த்தான், முழங்கையிலிருந்து விரல்வரை, நிதானமாக.

அவள் போட்ட சத்தம் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தது.

யும்னா குறுக்கே வந்து நின்றாள். “வாப்பா, போதும்.”

அவன் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து, தலையை நிலைப்படியில் மோதினான். மறுபடி மோதினான். இரண்டாவது மோதலில் அவள் புருவம் பிளந்தது.

ஹபீபாவின் இடது கைக்குத் தேங்காய்த் துருவி கிடைத்தது, பலகையோடு. அவள் அதுவரை யாரையும் அடித்ததில்லை. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அவன் திரும்பியபோது அடுத்தது நெற்றியில். அவன் உட்கார்ந்துவிட்டான். ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவள் மறுபடி ஓங்கினாள். யும்னாதான் கையைப் பிடித்தாள். பிடிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவன் செத்திருப்பான். அதை ஹபீபாவே பிற்பாடு சொன்னாள், குரல் மாறாமல்.

“எந்திரிங்க. இது எங்க வாப்பா எனக்குக் குடுத்த வீடு. வெளிய போங்க.”

அந்த நேரத்திலும் நீங்க, வாங்க, போங்கதான்.

அவன் செருப்புப் போடாமல், நெற்றியைத் துண்டால் பொத்திக்கொண்டு போனான். பெரியபட்டினத்தில் அவன் ராத்தா இருக்கிறாள், கூடப் பிறந்த அக்கா.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி நடந்தது என்று கேட்டபோது, “என் வீட்டுக்காரர் ஊத்துனது” என்றாள் ஹபீபா. அகமது கபீர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், “நாலு பேருக்கு நடுவுல இப்படியா சொல்லுவாக?” என்றார்.

“வேற எப்படிச் சொல்ல காக்கா? இதையும் நெய்ச்சோறுன்னு சொல்லவா?”

கையில் தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக மூடிவந்த சமயத்தில் அண்ணன் மறுபடியும் வந்தார். பெரியபட்டினத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் திரும்பி வந்தால் வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டிலும் அதையேதான் எதிர்பார்த்தார்கள். வாப்பா வீட்டில் இருந்தால் பேசலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

ஹபீபா மகளைப் பார்த்தாள். “ஒனக்குத்தான கல்யாணம். நீ சொல்லு.”

யும்னாவின் புருவத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. “அந்த மாப்பிள்ளையும் லீவுக்குத்தான வருவாக. வேற இடம் பாக்கட்டும். கதவத் தொறக்காதீங்க உம்மா.”

“ஒனக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள” என்றார் மாமா.

“எத்தன தையல்னு தெரியும் மாமா.”

அவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஹசன் அலி ஒரு மத்தியானம் வந்தான். முருகலட்சுமி காலையில் கணவாய் கொடுத்திருந்தாள். யும்னா வதக்கியது. கொஞ்சம் மிளகு தூக்கல். இருவரும் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். கதவு தட்டும் சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

“ஹபீபா. நான்தான்.”

அவள் அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தாள்.

“அங்கன சாப்பாடு சரியில்ல. பசிக்குது ஹபீபா. தொற.”

அந்தச் சொல்லுக்கு அவள் கை நின்றது. இத்தனை வருஷத்தில் அவன் போனில்கூட அப்படிச் சொன்னதில்லை. என்ன ஆக்குன என்று கேட்பான், பசிக்குது என்று சொல்லமாட்டான். அவள் பாதி எழுந்தாள். அடுப்படியில் ஒரு ஆளுக்குப் போதுமான சோறு மிச்சம் இருந்தது. யும்னா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

“நான் தொறக்க மாட்டேங்க” என்றாள் ஹபீபா, கதவைப் பார்த்து. “போங்க.”

பிறகு முதல் உதை விழுந்தது. மேல் தாழ்ப்பாள் குதித்தது. அடுத்து தோளால் இடித்தான். வசவுகள் தெருவுக்கே கேட்டன. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஒரு ஆளும் இறங்கி வரவில்லை, நாங்களும்தான். உதைத்து, இடித்து, எதையோ தேடிப்போய்க் கல்லோடு வந்து அடித்தான். காரை உதிர்ந்து நடுவீடுவரை வந்தது.

“கதவு தாங்குமா உம்மா?”

“தெரியல. நீ சாப்புடு.”

ஹபீபா மறுபடியும் உட்கார்ந்தாள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. கரண்டியால் எடுத்துத் தின்றாள். அடுத்த அடியில் தண்ணீர்ச் செம்பு சாய்ந்து உருண்டது. யும்னா அதை எட்டிப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இன்னும் கொஞ்சம் சோறு வைங்க” என்றாள்.