தந்திக்கடியில் காகிதம்

ஹாவெலைப் போன வாரம்தான் அடக்கம் செய்தோம். எங்கள் பிரபுவின் வாத்தியக் குழுவில் இருந்தவன்; அவனைப் போல வயலின் வாசித்தவன் மொராவியா நாட்டிலேயே கிடையாது. குடிகாரன், சிடுமூஞ்சி, அது வேறு கதை. துருக்கியரோடு நடந்த சண்டைக்குக் குழல் ஊதப் போய், ஒரு காலை இழுத்துக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தான். கூடப் போன தோபியாஸ், படையில் முரசு அடித்தவன், வரவில்லை.

தோபியாஸின் அம்மா ரோஸினா அரண்மனைச் சமையல்காரி. ஹாவெலைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"என் புள்ள எங்கடா?"

"ஹங்கேரியில இருக்கான் ரோஸினாம்மா. படை இன்னும் திரும்பலயே."

"உனக்கு மட்டும் வழி தெரிஞ்சுதாக்கும்."

தோபியாஸ் செத்ததை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். "அவகிட்ட சொல்லித் தொலையேன்டா" என்று திட்டிப் பார்த்தேன். அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் தவக்கால நோன்புக்கு முந்தைய விருந்தில் பிரபுவுக்குப் போர்க்களத்தை வாத்தியத்தில் கேட்க வேண்டுமாம். போருக்குப் போகாதவர்களுக்குத்தான் இந்த ஆசையெல்லாம் வரும். ஹாவெலே எழுதினான். படை நடப்பது, கூடாரத்தில் குடித்துவிட்டுப் பாடுவது, பிறகு சண்டை. நான் வாசிப்பது பெரிய பிடில். அதன் தந்திக்கடியில் காகிதத்தைச் செருகி வில்லைப் போட்டால் முரசு மாதிரியே உறுமும்.

"ஒவ்வொரு சுத்துலயும் கடைசி அடியை மட்டும் கொஞ்சம் பிந்திப் போடு" என்றான்.

"தாளம் தப்புதேடா."

"தப்பட்டும்."

விருந்தன்று அப்படியே வாசித்தேன். சமையலறைக் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு ரோஸினா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வந்துட்டானா? அந்தக் கடைசி அடி அவனோட சோம்பேறிக் கைதான். எங்க அவன்?"

கூடத்தில் முரசே இல்லை. அவள் கண்கள் சுற்றிச் சுற்றி வந்து, என் தந்திக்கடியில் இருந்த காகிதத்தில் நின்றன.

"அவன் இல்லம்மா," என்றான் ஹாவெல். "நான்தான் இவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

இதுவும் கச்சேரியில் ஒரு பகுதி என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். பாழாய்ப்போன கூட்டம். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தாதப்பா. என் புள்ள எதுவரைக்கும் அடிச்சானோ, அதுவரைக்கும் வாசி."

மறுபடி ஆரம்பித்தேன். ஹாவெல் வயலினைத் தொடவில்லை. அழுதபடி கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு பாதிகூட ஆகவில்லை, கையை உயர்த்தினான்.

"இங்கதாம்மா."

நான் வில்லை எடுத்துவிட்டேன்.