மாமா வாங்கி வந்த மாவு டின்

விருத்தாசலம் கடைவீதியில் ஒரு துணிக்கடை. காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ டிரைவர் ஒருவர் கைக்குழந்தைச் சட்டை ஒன்றை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, அதன் தையலைத் தன் கழுத்தில் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். கூட வந்த எனக்கோ எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் நிதானமாகக் கண்ணைத் திறந்து, "இது உறுத்துதும்மா. வேற காட்டுங்க" என்கிறார். அழகான சட்டை அது. மார்பில் ஜரிகைப் பூ வேலை செய்திருந்தார்கள். அந்த ஜரிகைதான் உள்பக்கம் முள்ளாக நின்றது. கடைசியில் அவர் எடுத்தது கூடையில் ஓரமாகக் கிடந்த, பூவும் பொம்மையும் இல்லாத, வெறும் பருத்திச் சட்டைகளை.

அவர் என் அக்காவின் கணவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் எங்கள் அப்பா அம்மா கம்மாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்கள் நிலத்தை எப்போது எடுப்பார்கள் என்று தெரியாமலே ஒவ்வொரு போகமும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு விருத்தாசலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அக்கா ஒரு செராமிக் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பூப்படம் ஒட்டும் வேலை பார்த்தாள். தாளில் அச்சடித்த படத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சற்று நேரத்தில் படம் மட்டும் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கிழியாமல் கோப்பையின் மேல் நகர்த்தி, சுருக்கம் நீவிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். மாமா ரயில்வே ஜங்ஷன் வாசலில் ஆட்டோ ஓட்டினார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. பிரசவத்துக்குப் பின் அக்கா மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். அப்படித்தான் குழந்தைக்கு வாங்க வேண்டியவை எல்லாம் மாமாவின் பொறுப்புக்கு வந்தன. அக்கா தேறி எழுந்த பிறகும் அவர் அந்தப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. அவரைவிட அக்கறையாகத் தன்னால் வாங்க முடியாது என்பதை அவள் வெளிப்படையாகவே சொல்வாள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்பதில் மாமாவுக்குக் குழப்பமே இருந்ததில்லை. "ஒடம்புக்கு மேல போடறது பழசா இருக்கலாம். ஒடம்புக்குள்ள போறது புதுசாத்தான் இருக்கணும்" என்பார். குழந்தையின் இடுப்புத் துணியெல்லாம் அவருடைய பழைய வேட்டிகள். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனவை. உறவுக் குழந்தைகள் போட்டுக் கழித்த சட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து அடுக்குவார். மாற்றலாகிப் போன ரயில்வே குடும்பம் ஒன்றிடம் தொட்டிலைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்தார். ஆனால் கொசுவலை புதிது. காய்ச்சல் பார்க்கும் கருவி கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கியது. பால் புட்டி வேண்டாம் என்று, கழுவுவதற்கு எளிதாக, விளிம்பு மழுங்கிய எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும் தேடி இரண்டு நாள் கடைவீதியைச் சுற்றினார். வாசனைப் பவுடர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததேயில்லை. வர்ணம் பூசிய கிலுகிலுப்பை ஒன்றை நான் ஆசையாக எடுத்தபோது, வாங்கி நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் சிவப்பு ஏறியது. "இது நாளைக்கு அவ வாயில இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்கு 'ஆயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு சவாரி போறேன்ல பாப்பா. பின்னாடி ஒரு அம்மா கொழந்தைய மடியில போட்டுக்கிட்டு அழுவுது. என்னா குடுத்தீங்க, என்னா வாங்குனீங்கன்னு கேட்டுக்கிட்டேதான் ஓட்டுவேன். கேட்டது மனசுல நின்னுடுது" என்றார்.

ஜங்ஷன் சவாரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடக்காது. கடைவீதியில் குழந்தைச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்று இருந்தது. லாரி ஷெட்டிலிருந்து அந்தக் கடைக்குப் பெட்டிகள் ஏற்றி வரும் வேலை மாமாவுக்கு நிலையாகக் கிடைத்திருந்தது. வீட்டு வாடகை அதிலிருந்துதான் போயிற்று. மாமா அந்தக் கடை முதலாளியை நல்லவர் என்றே சொல்வார். தீபாவளிக்குக் குழந்தைக்கு ஒரு கவுன் கொடுத்தவர்.

குழந்தைக்கு ஒரு வயது கடந்திருந்தது. பருப்பு சோறு, முட்டை, வாழைப்பழம் எல்லாம் சாப்பிட்டாள். ஆனாலும் உடம்பு பூசவில்லை. பார்க்கிற உறவுகளெல்லாம் டின்னில் வரும் சத்துமாவு கொடுக்கக் கூடாதா என்றார்கள். மங்கலம்பேட்டையில் புருஷன் வளைகுடாவில் இருக்கிற வீடுகளில் குழந்தைகள் அதைத் தின்று கொழுகொழுவென்று இருப்பதாகச் சொன்னார்கள். மாமா விலையைப் பார்த்துவிட்டுப் பலமுறை திரும்பி வந்தவர். அந்த வாரம் கடையில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். மாவு டின்னும் பால் பவுடர் டின்னும் வாசலில் கோபுரமாக அடுக்கியிருந்தன. மாமா ஒரு மாவு டின்னை வாங்கிக்கொண்டு, பரிசு வாங்கிய பள்ளிப் பையனைப் போல வீட்டுக்குள் நுழைந்தார்.

அக்கா வெந்நீர் வைத்தாள். மாமா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதி போட்டிருந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் நின்றது. முன்னும் பின்னும் தடவினார். "இங்க கொஞ்சம் தூக்கலா இருக்குதே" என்றார். அக்கா வாங்கிப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, அந்தப் பக்கம் நனையும்படி டின்னைச் சாய்த்து வைத்தாள். கம்பெனியில் நாள் முழுக்கச் செய்வதுதானே. சற்றுப் பொறுத்து இரண்டு விரலால் மெல்லத் தள்ளினாள். மேலே ஒட்டியிருந்த தேதிச் சீட்டு கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் கீழே வேறொரு தேதி. எப்போதோ முடிந்துபோன தேதி.

குழந்தை டின்னைத் தட்டி விளையாட வந்தபோது மாமா அதை எடுத்து உயரே வைத்தார். பிறகு சொன்னார்: "இத நாந்தான் ஏத்திக்கிட்டு வந்தேன். அத்தன பெட்டியும் என் வண்டியிலதான் வந்துது."

எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டில், அக்காவுடன் வேலை பார்த்த ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் நின்றுபோய், டாக்டர் எழுதிக் கொடுத்து, பையனுக்குப் பால் பவுடர்தான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி விலைச் செய்தியைக் கேட்டுக் கையிலிருந்ததையெல்லாம் போட்டு டின்களாக வாங்கி அடுக்கியிருந்தாள். மாமாவின் ஆட்டோவில்தான் அவற்றைக் கொண்டுவந்தாள். நாங்கள் மூவரும் போனோம். அக்கா அங்கேயும் ஒரு டின்னை நனைத்துக் காட்டினாள். அந்தப் பெண் அடித்தேதியைப் பார்த்தாள், அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தாள், பிறகு மாமாவிடம் பாய்ந்தாள்.

"ஒங்களுக்கு என்னாண்ணே, ஒங்க பொண்ணு சோறு திங்குது. எம்புள்ளைக்கு இத வுட்டா வேற என்னா இருக்குது? இதயும் குடுக்காதன்னா நான் எத கரைச்சி ஊத்தறது? கொண்டாந்து எறக்கனப்ப வாய தொறந்தீங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எனக்கு அப்ப தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார். பையனுக்கு முந்தின நாளிலிருந்து வயிறு சரியில்லை என்பதை அவள் அழுகைக்கு நடுவே சொன்னாள். அந்த நொடியே மாமா ஆட்டோவை எடுத்தார். பெரியாஸ்பத்திரியில் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். பவுடர்தான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இனி அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். திரும்பும் முன் மாமா வெளியே போய்த் தன் சட்டைப்பையில் இருந்ததற்கு ஒரு நல்ல பால் பவுடர் டின் வாங்கி, வெளிச்சத்தில் தேதியைத் தடவிப் பார்த்து, ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும், எங்கள் டின்னையும் கடைசி வீட்டிலிருந்து எடுத்த டின்களையும் கொண்டுபோய்க் கல்லா மேல் வைத்தார். கல்லூரிக்குப் போகும் வழியில் நானும் இறங்கி நின்றேன். முதலாளி முதலில் சிரித்தார்.

"ஏம்பா, ஒரு மாசம் முன்ன பின்ன ஆனா மாவு என்னா வெஷமாவா ஆயிடும்? ஏழ பாழைங்க வாங்கட்டுமேன்னுதான் போட்டேன்."

"ஏழ பாழைங்க புள்ளன்னா வவுறு வேறயாங்க மொதலாளி? நீங்க பழைய தேதிய மூடாம வித்திருந்தா, வாங்கறவங்க பாத்து வாங்கியிருப்பாங்க. மூடிட்டீங்களே."

"ஒனக்கு லோடு வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

மாமா வெளியே வந்தார். ஆட்டோவைக் கடைக்கு எதிரே ஓரமாக நிறுத்தினார். ஒரு வாளியில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டார். டின்னோடு கடையை விட்டு இறங்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், "அம்மா, ஒரு நிமிஷம். இந்தத் தேதிய நனச்சிப் பாத்துட்டுப் போங்க" என்றார். சத்தம் போடவில்லை. கடையைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. முதலாளி ஆளை விட்டு மிரட்டினார். மாமா ஆட்டோவைச் சற்றுத் தள்ளி நிறுத்தினாரே தவிர வாளியை எடுக்கவில்லை. நண்பகலுக்குள் கடை வாசலில் டின்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறித் திரும்பி வந்தவர்கள்கூட உண்டு. 'ஆயா' என்று கேலி செய்த ஸ்டாண்டுக்காரர்களும் வந்து மாமாவின் இரு பக்கமும் வண்டியைப் போட்டு நின்றார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் பழையதை வாங்கிக்கொண்டு பணத்தையோ புது டின்னையோ கொடுக்கத் தொடங்கினார். வாசலில் அடுக்கியிருந்த கோபுரம் அன்று மாலை உள்ளே போயிற்று. சில நாளில் எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அந்தக் கடையின் லோடு வேலை போயிற்று. அந்த மழைக்காலம் எங்களுக்குச் சிரமமானது. அக்கா கூடுதல் நேரம் வேலை பார்த்தாள். நான் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "நீங்க நம்ம டின்ன மட்டும் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்" என்று அக்கா ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். மாமா கோபப்படவில்லை. "வந்திருக்கலாம்தான்" என்றார். பிறகு, "வந்திருந்தா ஆஸ்பத்திரி சவாரி வர்றப்ப பின்னாடி ஒக்காந்திருக்கறவங்கள திரும்பிப் பாக்க முடியாதும்மா" என்றார். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மெல்ல மெல்ல வேறொன்று நடந்தது. தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் கைக்குழந்தைக்காரிகள் மாமாவின் ஆட்டோவைத் தேடி வந்தார்கள். ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது கடைவீதியில் இறங்கி, அவரையும் அழைத்துக்கொண்டு சாமான் வாங்கினார்கள். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் எந்தக் கடையிலும் விலை இறங்குகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். ஒரு வீட்டில் சிறிதாகிப்போன சட்டை அடுத்த வீட்டுக்குப் போயிற்று. போன லோடு அளவுக்கு அந்த வருமானம் வரவில்லை. ஆனாலும் வாடகை தட்டாமல் போயிற்று.

இன்று நான் புதுச்சேரியில் இருக்கிறேன். என் மகனுக்கு வேண்டியதையெல்லாம் குளிரூட்டிய பெரிய கடையில் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் ஏதேதோ சத்துகளின் பெயர் இருக்கிறது. தேதி மட்டும் இன்னும் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தை மறித்துக்கொண்டு நான் அதைத் தேடி நிற்கும்போது என் கணவர் சலித்துக்கொள்வார். மாமா அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. ஒரு கடைக்கு எதிரே வாளித் தண்ணீரோடு நிற்க என்னால் முடியுமா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் நிச்சயமாக முடியாது. அதனால்தான் அவரை நினைக்கும்போதெல்லாம் பாசத்தைவிட மரியாதை ஒரு படி முன்னால் வந்து நிற்கிறது.

கடைசி வீட்டுப் பையன் அப்போதே ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்தான். அவன் அம்மா அதற்குப் பிறகும் பல மாதம் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டியதற்கு வருத்தப்பட்டாளா, இன்னும் கோபமா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. பையனுக்குப் பழமலைநாதர் கோயிலில் காது குத்துவதாகச் சொல்லி எல்லார் வீட்டுக்கும் போல எங்கள் வீட்டுக்கும் வந்து அழைத்தாள். போனோம். மாமா கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்றிருந்தார். ஆசாரி பலகையைப் போட்டுவிட்டு, "தாய்மாமன் வந்து ஒக்காருங்க" என்று குரல் கொடுத்தார். யாரும் நகரவில்லை. அந்தப் பெண் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நேராக மாமாவிடம் வந்தாள்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லண்ணே. நீங்க ஒக்காருங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போய்ப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பையனை அவர் மடியில் வைத்தார்கள். அவன் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். அவருக்குக் கண் நிறைந்து, தாடையில் வழிந்து, பையனின் சந்தனத் தலையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை, இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருந்தன. ஆசாரி ஊசியை எடுத்துக் காதருகே கொண்டுவந்தார். மாமா சட்டென்று பையனின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்டார்:

"ஊசி புதுசுங்களா?"