பட்டாச்சு, ஐயா

டெட்ராய்ட்டிலிருந்து வரும் வண்டிக்கு முகமும் அடிச்சட்டமும் மட்டுமே இருக்கும். மற்றதெல்லாம் கட்டி ஆம்புலன்சாக்குவது ஒஹையோவில் ஒரு பட்டறையில்தான். லெமுவெல் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புகளில் ஈயத்தை உருக்கி அப்பி, அரத்தால் ராவி மழமழப்பாக்குவான். அந்தப் புகைக்குள் நின்றவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். வெள்ளைத் தோலுக்கு ஈயம் ஆகாது என்று எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தானோ!

வண்டி முடிந்ததும் லெமுவெலை உள்ளே ஸ்ட்ரெச்சரில் கிடத்தி மேடுபள்ளத்தில் ஓட்டுவார்கள். எங்கே கடகடக்கிறது என்று படுத்தபடியே கத்த வேண்டும்.

அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் ஆம்புலன்சும் சவ ஊர்தியும் ஒரே வண்டி. சவ அடக்கக்காரர்தான் உரிமையாளர். சவப்பெட்டிக்கான தரை உருளைகளைக் கவிழ்த்துப் போட்டால் சமதளமாகும், ஸ்ட்ரெச்சர் நிற்கும்.

1956இல் லெமுவெலின் ஊர் அடக்கக்காரர் ஹாஃப்மன் புது வண்டியை ஓட்டிப்போக வந்தார். லெமுவெலின் மனைவி ஆர்டெல்லாவுக்கு நெஞ்சு பலவீனம். ஊரில் வேறு ஆம்புலன்ஸ் கிடையாது.

"ஐயா, ஆர்டெல்லாவுக்கு மூச்சு முட்டுனா வருவீங்களா?"

"உங்காளுங்க அடக்கக்காரனைக் கூப்பிடு."

"அவரு எங்கயோ இருக்காரு. வர்றதுக்குள்ள அவ பொணமாயிடுவா."

"அப்போ அவனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை மிச்சம்." ஹாஃப்மன் சிரித்தார். "இன்னிக்கு உன் பொண்டாட்டிய ஏத்திட்டு, நாளைக்கு அதே தரையில பாங்க் முதலாளியோட அம்மா பெட்டியை வைக்கவா? கறுப்பு உடம்பு பட்ட வண்டின்னா எவன் என்கிட்ட வருவான்?"

"பட்டாச்சு, ஐயா. நேத்து இதுல நான்தான் படுத்திருந்தேன். தலகாணி ஜோரா இருக்கு."

ஹாஃப்மன் முகம் சிவந்தது. "டுவேன்! நெசமா?"

மேஸ்திரி டுவேன் தொப்பியைக் கழற்றினான். "யாராச்சும் படுத்துப் பாக்கணுமே, சார்..."

"என் பழைய வண்டியில?"

"அதுலயும் நான்தான்," என்றான் லெமுவெல். "இத்தனை வருஷமா உங்க வெள்ளைப் பொணமெல்லாம் என் முதுகுச் சூட்டுலதான் போயிருக்கு."

"வெளிய போடா!" டுவேன் கத்தினான். "நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!"

மறுநாள் பாங்க் முதலாளி வீட்டு அடக்கம். ஹாஃப்மனுக்கு வேறு வழியில்லை. தரையை பெட்ரோலால் துடைக்கச் சொல்லி ஓட்டிப்போனார். இரண்டு துடைப்பில் போகிற தீட்டு, ஓர் உயிரைக் காப்பாற்ற மட்டும் போகாதாம்!

லெமுவெல் வீட்டுக்கு வந்து தன் பழைய பிளைமவுத் காரின் பின்னிருக்கையைப் பெயர்த்து வெளியே எறிந்தான். டிக்கியை மறைத்த தகரத்தை வெட்டத் தொடங்கினான். ஆர்டெல்லா ஓடிவந்தாள்.

"என்னய்யா, பைத்தியமா? அந்த ஆளு என்ன சொன்னான்?"

"அவன் கெடக்கான். உன்னை இதுல படுக்க வச்சு நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். தள்ளி நில்லு, தகரம் தெறிக்கும்."