விரியாத விரல்கள்

எங்கள் ஊர் கரியமாணிக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் டாக்டரிடம் பேசுவது எப்போதும் என் வேலை.

அன்று கரும்புத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கைகள் இரண்டும் மடங்கி இறுகிவிட்டன. வலிப்பு என்று நினைத்து அப்பா சாவிக்கொத்தைக் கைக்குள் திணிக்கப் பார்த்தார். விரல்கள் விரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைவு என்றார்கள். கால்சியம் ஏற்றியதும் கை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முறுக்கியது.

"மூச்சு அடைக்குதுடா," என்றாள் அம்மா.

"தினம் ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" டாக்டர் மறுபடி கேட்டார்.

"இல்ல மேடம்," என்றேன், மறுபடியும்.

அப்பா குறுக்கிட்டார். "மாத்திரை இன்னா மாத்திரை? வருசக்கணக்கா கேஸ் மாத்திரைதான் போடறா. அது போடாம அவளுக்கு டீ எறங்காது. அத்தயா கேக்குறாங்க?"

டாக்டர் உடனே மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். அது அடிமட்டத்தில் இருந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை நெடுநாள் போட்டால் சிலருக்கு மெக்னீசியம் உடம்பில் சேராதாம். அது இல்லாவிட்டால், கால்சியத்தைக் காக்கும் ஹார்மோனைக் கழுத்திலுள்ள சுரப்பி சரியாகச் சுரக்காது; ஏற்றுகிற கால்சியமும் நிற்காது என்றார்.

மெக்னீசியம் சொட்டுச் சொட்டாக ஏறியது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து விரல்கள் விரிந்து என் மணிக்கட்டைப் பிடித்தன.

கேஸ் மாத்திரை எனக்கும் மருந்தாகத் தோன்றியதே இல்லை. படித்தவன் சொல்கிறான் என்று நம்பி டாக்டர் மறுபடி கேட்காமல் விட்டிருந்தால்? இப்போதெல்லாம் டாக்டர் கேட்டால், நான் முதலில் அம்மாவைப் பேச விடுகிறேன்.