கம்பங்காட்டில் கிளிகள்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகுதான் நாங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்தவே ஆரம்பித்தோம். அதற்கு முன்பெல்லாம் லீவுக்கு வருவார், வந்த அலுப்புத் தீர்வதற்குள் பெட்டி கட்டுவார். போன வருஷம் சுந்தரபாண்டியத்தில் எங்கள் காட்டில் கம்பு விதைத்தோம். வெள்ளாமை கை கொடுத்தால் ஊரோடு இருப்பது, இல்லையென்றால் கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போவது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அதனால் அவரைவிட எனக்குத்தான் கம்பு விலை மேல் கண். அறுவடை சமயத்தில் விலை இறங்காது என்று செல்போனில் முன்னறிவிப்பு வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கமிஷன் கடைக்காரரும், எல்லாரும் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டார்கள், கம்பு வரத்து குறைவு, விலை நிற்கும் என்றார். விலை நின்று என்ன, மூட்டை வர வேண்டுமே.

கதிர் பால் பிடித்ததும் அவர் பறவை விரட்டத் தகரமும் குச்சியுமாகக் காட்டுக்குப் போனார். ஒரு நாள் மத்தியானம் சோறு கொண்டு போனேன். குருவியையும் மைனாவையும் தகரத்தைத் தட்டி ஓட்டுகிறார். கிளிக்கூட்டம் வந்து கதிர் கதிராக உட்கார்ந்து கொறிக்கிறது, மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டாள் கையில இருக்கதப் போயி எப்படி வெரட்ட?" என்றார். எல்லையில் துப்பாக்கி பிடித்த ஆள் பேசுகிற பேச்சு! எங்கள் பக்கத்தில் கிளியை அடிக்க யாருக்கும் கை வராது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அன்றைக்குத் தகரத்தைப் பிடுங்கித் தட்டிக்கொண்டே கம்புக்குள் ஓடினேன். ஓடும்போதே அழுகை வந்துவிட்டது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

"கோவிச்சுக்கிடாத தாயே. நீ நெனச்சவர்கூடப் போயிச் சேந்துட்ட. நான் கல்யாணம் முடிச்சும் இம்புட்டு வருசம் தனியாத்தான கெடந்தேன். இந்த வெள்ளாம எனக்கு வேணும்."

கிளிகள் மொத்தமாக எழும்பிப் போயின. திரும்பினால் அவர் வரப்பில் நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என் கையிலிருந்து தகரத்தை வாங்கிக்கொண்டார்.

"வெளச்சல் எம்புட்டு வந்தாலும் சரி, நான் எங்கயும் போகல" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கிளிகள் திரும்பி வந்தன. எச்சில் கையோடு அவரே எழுந்து போய்த் தகரத்தைத் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.